காட்டுக்குள்ள என்னதானுங்க பேசுவாரு?

எங்களோடு காட்டு வேலை பார்த்த ஃபாரஸ்ட் வாட்ச்சர் அண்ணன் இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பந்தலில் கூட்டம் குறைந்த பிறகு அவருடைய மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தார். "சார், அவரு காட்டுக்குள்ள என்னதானுங்க பேசுவாரு?" என்று கேட்டார்.

"உங்களப் பத்தித்தாங்க பேசுவாரு" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. அந்த இடத்தில் வேறு யாரும் வேறு எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அது பொய்யா, நிஜமா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அதற்கு நாலு நாள் முன்னால் எங்கள் இரங்கல் கூட்டம் நடந்தது. ஆளாளுக்கு ஒரு யானைக் கதை சொன்னார்கள். நானும் சொன்னேன். அண்ணன் காலடி மண்ணைக் கிள்ளி உதிர்த்துக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். நாங்கள் மூங்கில் புதரைச் சுற்றிக்கொண்டு வருவோம். உள்ளே ஒத்தை யானை நின்றுகொண்டிருக்கும். ஒருவர் வெள்ளைக்காரன் காலத்து வன அதிகாரி ஊட் துரையையே இழுத்து வந்துவிட்டார். வெட்டி அழித்த தேக்கை மறுபடி உண்டாக்கியவர், 1933இல் இறந்தவர். ஆனைமலைக் காட்டில் டாப்சிலிப்பில் இருக்கும் அவர் கல்லறையில், என்னைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார் என்ற பொருளில் லத்தீன் வாசகம் வெட்டியிருக்கிறது. நம் அண்ணனும் அப்படித்தான், காடுதான் அவர் வீடு என்று முடித்தார். கைதட்டினார்கள். எனக்கு அந்த இடம் மட்டும் உறுத்தியது. அண்ணனுக்கு வீடு சேத்துமடைக்குக் கீழே இருந்தது. சாவும் அங்கேதான், லீவு நாளில், நெஞ்சுவலியில், காலை டீ குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது.

காட்டில் யாரும் பேசுவதில்லை என்பதை வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வது? விலங்கு சென்சஸ் சமயத்தில் விடிந்ததும் லைன் நடப்போம். 2 கிலோமீட்டர். கண்ணில் படுகிற மான், காட்டெருமை, யானை எல்லாவற்றையும் தூரம், கோணம் சகிதம் குறிக்க வேண்டும். யாராவது தும்மினால்கூட அன்றைய வேலை கெட்டது. அண்ணன்தான் முன்னால் போவார். இடது கையைப் பின்னால் கொண்டுவந்து உள்ளங்கையை விரித்தால் நில். விரல்களை மட்டும் அசைத்தால் சத்தமில்லாமல் பின்வாங்கு. பல நாள் பகல் முழுக்க எங்களுக்குள் நடந்த பேச்சு அந்தக் கைதான்.

கேம்ப்புக்குத் திரும்பி, யானை வராமலிருக்கச் சுற்றி வெட்டிய அகழி மேல் போட்ட பலகையை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு கொஞ்சம் பேசுவார். அதுவும் அரிசி எத்தனை நாளைக்கு வரும், அட்டைக்கடிக்கு யார் புகையிலை வைத்திருக்கிறார்கள் என்கிற மாதிரிதான். சாயங்காலமானால் கேம்ப்புக்கு மேலே இருக்கும் பாறைக்கு ஏறிவிடுவார். டவர் அங்கேதான் கிடைக்கும். மழையானாலும் ஏறுவார், ஒரு யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. "சாப்டாச்சா? தண்ணி வந்துச்சா? கதவச் சாத்திக்கங்க." இதற்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை. இதை அந்த அம்மாவிடம் சொல்லி என்ன பயன்? அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்திருந்ததே அவர்தானே. அவர் கேட்டது தனக்குக் கேட்காத பேச்சை.

அப்படி ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. அதை நான் சொல்லவில்லை.

2022 புலிக் கணக்கெடுப்புக்காகக் கேமரா வைத்துக்கொண்டிருந்த சமயம். புலிக்கு இந்தப் பக்கத்து வரி அந்தப் பக்கத்தில் இருக்காது. அதனால் பாதையின் இரு புறமும் எதிரெதிராக, முழங்கால் உயரத்தில், இரண்டு கேமரா கட்டுவோம். கட்டியதும் சரியாகப் படம் எடுக்கிறதா என்று பார்க்க யாராவது ஒருவர் குறுக்கே நாலு காலில் தவழ வேண்டும். எங்கள் குழுவில் அந்த வேலை எப்போதும் அண்ணனுக்கு. அன்றைக்கும் தவழ்ந்து போய், எழுந்து, முட்டி மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "சார், எம் பையன் இந்த வேலைக்கு மட்டும் வரக்கூடாதுங்க. குரூப் ஃபோர் எழுதி வியேஓ ஆகட்டும். நா தவழ்ந்தது போதும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தோம், படம் விழுந்திருந்தது, அடுத்த இடத்துக்கு நடந்தோம்.

பதினாறாம் நாள் அந்த அம்மா அடுத்துக் கேட்டது இதைத்தான். "பையனை அவரு எடத்துல போட்டுவிட முடியுங்களா சார்? நீங்க சொன்னா ரேஞ்சர் கேப்பாருங்க."

அண்ணன் கடைசிவரை தொகுப்பூதியத்தில் இருந்தவர். வாரிசு வேலை என்று உரிமையோடு கேட்க வழியில்லை. ஆள் எடுக்கும்போது தெரிந்தவர் ஒரு வார்த்தை சொன்னால் உண்டு. பையன் அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தான். வாரத்துக்கு ஒருநாள் வந்து தூங்கிவிட்டுப் போவான். அந்த அம்மா கேட்டதில் தப்பில்லை. மகன் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் பேசினேன். பையன் சேர்ந்தான். அப்பா சொன்னதை இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் நிறையக் காரணம் இருக்கிறது. முட்டி வலியோடு ஒரு மனுஷன் சிரித்துக்கொண்டே சொன்னதை உயில் மாதிரி எடுத்துப்போய் நீட்டுவதா? இருந்திருந்தால் அவரே மனசு மாறியிருக்கலாம். குரூப் ஃபோர் எழுத வைத்துப் படிக்கப்போட அப்பா இருந்தார்; அவர் போன பிறகு மாசம் பிறந்தால் அரிசி வாங்குவது யார்? இதெல்லாம் சரியான நியாயம்தான். ஆனால் ராத்திரி கேம்ப்பில் படுத்திருக்கும்போது இன்னொன்றும் தோன்றும். நல்ல வாட்ச்சர் கிடைப்பது லேசில்லை. அந்தக் கண்ணும் அந்தக் கையும் மகனுக்கு வந்திருக்கும் என்று எனக்கே ஒரு ஆசை இருந்ததோ? இருந்திருக்கும். அதற்காகத்தான் செய்தேன் என்று சொல்லமாட்டேன். இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

தமிழ்நாட்டில் 2018இல் 264 புலி, 2022இல் 306. அந்த எண் பேப்பரில் வந்தபோது எங்களுக்கெல்லாம் பெருமை. அதற்கு அடியில் எத்தனை பேருடைய முட்டி தேய்ந்திருக்கிறது என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. இரங்கல் பேனருக்குப் படம் தேடியபோதுதான் உறைத்தது. அண்ணன் காட்டில் இருக்கும் ஃபோட்டோ என்று எங்களிடம் இருந்தது கேமரா டெஸ்ட் படங்கள் மட்டும்தான்: பாதி முதுகு, ஒரு கை, கழுத்தில் துண்டு, ஒன்றே ஒன்றில் முழு முகம், நாலு காலில், வாயெல்லாம் பல்லாக. மனுஷன் விழுந்த படங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை, தனியாக ஒதுக்கிவிடுவோம். பேனருக்குக் கடைசியில் ஆதார் கார்டு படத்தைத்தான் பெரிசாக்கிப் போட்டார்கள். முகம் விழுந்த படத்தைப் பிரிண்ட் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்படிச் சிரிப்பாருங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். அது மட்டும் சத்தியமான பதில்.

பையன் நன்றாக நடக்கிறான். அப்பாவைவிட வேகம், அதனால் நான்தான் அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்கிறது. போகப்போகப் படிந்துவிடும். 2024 குரூப் ஃபோர் அறிவிப்பு வந்ததும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வியேஓ வரியைப் பேனாவால் கோடிட்டு. அப்பா சொன்னதை அப்போதாவது சொல்லியிருக்கலாம், வாய்வரை வந்தது. அவன் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தான். அந்த வருஷம் வனக்காப்பாளர் பணியிடமும் அதே அறிவிப்பில் இருந்தது.

"சார், இதுல ஃபாரஸ்ட் கார்டும் வருதுங்களே. அதுக்கு ஹைட்டு எவ்வளவு கேக்கறாங்க?"

சொன்னேன்.