அண்ணாமலையார் எனக்கு முன்னால் வந்திருந்தார்

எங்கள் ஊர்ப் பக்கம் தை 5 என்றால் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் மணலூர்பேட்டைக்கு வந்து தென்பெண்ணையில் தீர்த்தவாரி காண்பார். மணலில் கடை போட்டுச் சிறுவள்ளிக்கிழங்கு விற்பார்கள். இந்த ஆறு எங்கே பிறக்கிறது என்று கேட்டால், "மேக்கால, மைசூர் சீமையில" என்பார் தாத்தா. பெங்களூருக்கு வேலைக்கு வந்து பதினோரு வருடம் கழித்துத்தான் அந்த மேற்கைச் சைக்கிளில் போய்ப் பார்த்தேன்.

கார்த்திகைச் சோமவாரம், லீவு சொல்லியாகிவிட்டது. துணைக்கு மாடி வீட்டு அண்ணன். ஓசூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஏற்றத்தில் என்னைவிட வேகம். அதிகாலை நாலே முக்காலுக்கு எலஹங்காவில் கிளம்பினோம். தேவனஹள்ளி, நந்தி கிராமம், நந்திமலை, அப்புறம் திராட்சைத் தோட்டத்துச் சாலைகள் வழியாக வீடு. எப்படியும் 90 கிலோமீட்டர்.

விமான நிலையச் சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. டாக்ஸிகளுக்குப் பயந்து ஓரமாகவே மிதித்தோம். தேவனஹள்ளிக் கோட்டைக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. 1501-ல் மல்லபைரே கவுடர் மண்ணால் எழுப்பியதை ஹைதர் அலியும் திப்புவும் கல்கோட்டையாக்கினார்கள். திப்பு பிறந்ததும் இதே ஊரில்தான். உள்ளே இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். வேணுகோபால சுவாமி கோயில் நடை திறக்கவில்லை. வெளியே நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தோம்.

ஆவதி தாண்டும்போது செயின் கழன்றது. மாட்டி முடிப்பதற்குள் இரண்டு கையும் கருப்பு. பெங்களூரை உருவாக்கிய கெம்பே கவுடரின் முன்னோர்கள் காஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கியது இந்த ஆவதியில்தான் என்று ஒரு பரம்பரைக் கதை உண்டு. அதைச் சொன்னேன். "அப்ப இந்த ஊருக்குப் பிழைக்க வந்ததுல நாம கடைசி ஆளுங்கதானா தம்பி?" என்றார் அண்ணன்.

நந்தி கிராமத்தில் பூக்காரம்மாவின் கடையோரம் சைக்கிள்களைச் சாத்திவிட்டு ஷூவைக் கழற்றினோம். பிராகாரத்துக் கல்லின் சில்லிப்பு உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரை வந்தது. போக நந்தீஸ்வரர் கோயில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. பாண அரசி ரத்னாவளி கட்டியதாகச் சொல்கிறார்கள். கங்கர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று ஆளாளுக்குத் தங்கள் பங்கைச் சேர்த்திருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு சிலையை ராஜேந்திர சோழன் என்கிறார்கள். யாராக இருந்தாலும் நம்மூர் முகம்.

நான் தடுமாறி நின்றது முதல் சன்னதியில். அர்ச்சகரிடம் சுவாமி பெயரைக் கேட்டேன். "அருணாசலேஸ்வரா" என்றார்.

அண்ணாமலையார். தை மாதம் எங்கள் ஆற்றுக்கு வருகிறவர், அந்த ஆறு பிறக்கும் மலையின் அடிவாரத்தில் எனக்கு ஆயிரம் வருடம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்! தீர்த்தத்துக்குக் கையை நீட்டினேன். அர்ச்சகர் செயின் கிரீஸைப் பார்த்துவிட்டு, சிரித்தபடியே உத்தரணியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஓடிப்போய்க் குழாயில் கழுவிவிட்டு வந்தேன். கருப்பு முழுக்கப் போகவில்லை. இரண்டாவது தடவை மறுக்காமல் ஊற்றினார்.

இங்கே அருணாசலேஸ்வரர் ஈசனின் பிள்ளைப் பருவம், உமா மகேஸ்வரர் கல்யாணக் கோலம், போக நந்தீஸ்வரர் இளமை. மலை உச்சியில் இருக்கும் யோக நந்தீஸ்வரர் துறவு. கல்யாண மண்டபத்தின் கருங்கல் தூண்களில் கொடியும் கிளியுமாக இழைத்திருக்கிறார்கள். அவசரமாகப் பார்த்தால் பாவம். ஒரு தூணுக்கே கால் மணி நேரம் போயிற்று. பின்னால் படிக்கட்டு இறங்கும் பெரிய குளம், இங்கே கல்யாணி என்பார்கள். அதன் கரையில் உட்கார்ந்து, கொண்டுபோன இட்லியைப் பிரித்தோம். பொடி கொஞ்சம் காரம்தான்.

நந்தி கிராமத்திலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு போனால்தான் மேலே ஏறும் சாலை. மலை வலப்பக்கமா இடப்பக்கமா என்று பார்க்காமல் அதைக் கிரிவலம் என்றே வைத்துக்கொண்டேன். அப்புறம் சுமார் எட்டு கிலோமீட்டர் ஏற்றம். மூச்சு வாங்கியதில் 'நமசிவாய' 'நம'வோடு நின்றது. கடைசிக் கொண்டையூசி வளைவுகளில் இறங்கித் தள்ளினேன். அண்ணன் திரும்பிப் பார்க்கவே இல்லை, அது ஒரு மரியாதை.

உச்சி 1,478 மீட்டர். ஒரே மூடுபனி. யோக நந்தீஸ்வரருக்குத் திருவிழா கிடையாது, துறவிக்கு எதற்கு? கும்பிட்டு வெளியே வந்ததும் பிரசாத வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போயிற்று. போகட்டும்.

பனி விலகியபோது கீழே சின்னச் சின்ன ஏரிகள் தெரிந்தன. தென்பெண்ணை, பாலாறு, ஆந்திராவுக்குப் போகும் வடபெண்ணை, அர்க்காவதி எல்லாம் இந்த மலைத் தொடரில்தான் பிறக்கின்றன. ஆற்றைத் தேடினேன். கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. "எங்க ஊருக்கு வரும்போது பாரு, நல்லாத் தெரியும், நுரையோட" என்றார் அண்ணன். ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையைச் சொல்கிறார். பெங்களூரின் கழிவுநீர் சேர்ந்து போகிறது. என் வீட்டுச் சோப்புத் தண்ணீரும் அதில் இருக்கும். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டு, இங்கேயும் அண்ணாமலையார் இருக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதைச் சாக்கா வச்சுத் தை அஞ்சுக்கு ஊருக்கு வராம இருந்துடாத" என்றாள்.