ஊருக்கு ச்சிச்சி

டிசம்பரில் என்5, அதாவது ஜப்பானிய மொழித் தேர்வின் ஆரம்பப் படி, எழுதியே தீருவேன் என்று பணம் கட்டிவிட்டேன். 247 எழுத்தைக் கரைத்துக் குடித்தவனுக்கு ஹிரகானா என்கிற ஜப்பானிய எழுத்து 46 எல்லாம் ஜுஜுபி என்று உதாரும் விட்டேன். அப்புறம்தான் கதகானா என்று இன்னொரு 46, அதுவும் அதே சத்தங்களுக்கு, இருப்பதைச் சொன்னார்கள். அதற்கும் பின்னால் கஞ்சி என்கிற சீன எழுத்துப் படை நிற்கிறது, அன்றாடப் புழக்கத்துக்கென்று அரசாங்கப் பட்டியலில் இருப்பதே 2136. 'கஞ்சிதான் கஷ்டம்' என்று போனில் புலம்பினால் அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

நேற்று ஆன்லைன் வகுப்பில் குடும்பத்தை அறிமுகப்படுத்தும் பாடம். வைஃபை ஹாலில்தான் எடுக்கும், வேறு வழியில்லை. நம் அம்மாவைப் பற்றி அடுத்தவரிடம் சொன்னால் 'ஹஹ'. 'என் அம்மா வந்து...' என்று இழுக்க அதோடு ஒரு 'வா' சேர்க்கணும், ஆனால் அந்த 'வா'வை எழுதுவதும் 'ஹ' என்றுதான். ஆக, புத்தகத்தில் வரிசையாக ஹ ஹ ஹ. நான் அதைப் பார்த்துத் திக்கித் திக்கி ஹஹ, ஹஹ என்க, அடுப்படியிலிருந்து, "என்னடா இளிப்பு, படிக்கிற லட்சணமா இது?"

அதோடு போயிருக்கலாம். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் வழுக்கை கேமராவில் விழுந்திருக்கிறது. யார் அது என்று சென்செய், அதாவது வாத்தியார், ஜப்பானியத்தில் கேட்டார். கேள்வி புரிந்துவிட்ட சந்தோஷத்தில், நேராக அப்பாவைக் கையால் காட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ச்சிச்சி தெஸ்!"

உச்சரிப்பு சரியில்லையாம். இன்னும் நாலு தடவை சொல்ல வைத்தார்.

பேப்பர் மடிந்தது. வகுப்பு முடிந்ததும் விளக்கம் கொடுத்தேன்: ச்சிச்சி என்றால் என் அப்பா, உங்களையே கூப்பிடுவதென்றால் 'ஒத்தோசான்', வெளியாட்களிடம் பேசும்போது நம் ஆட்களைத் தணித்துச் சொல்வதுதான் அங்கே மரியாதை.

"அதை ஜப்பான் படிக்காமலேயே இந்த வீட்ல செஞ்சுட்டுதானே இருக்கீங்க" என்றார்.

ராத்திரி அவர் முகத்தைப் பார்க்காமலேயே சாப்பிட்டு எழுந்தேன்.

இன்று காலை அம்மா வழக்கம்போல "காபி ஆறுது" என்று கத்தினாள். மூணு தடவை கத்தினால்தான் அசைகிற மனுஷன், முதல் குரலுக்கே பால்கனியிலிருந்து, "ஹாய்!"

அம்மா கரண்டியோடு வந்து என்னிடம், "இவருக்கு என்னடா ஆச்சு?" என்கிறாள். ஜப்பானியத்துல 'ஆமாம், வரேன்'னு அர்த்தம்மா என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரில் இன்னும் கொஞ்சம் டிகாஷன் ஊற்றினாள்.