பாம்புக்குக் கால் முளைக்குமா?

செத்துப்போன பாம்பின் வால் பக்கம் ரெண்டு முள்ளு முள்ளான சதைத்துண்டு நீட்டிக்கொண்டிருக்கும் படத்தைப் போட்டு, 'கால் முளைத்த பாம்பு' என்று அவ்வப்போது யாராவது பகிர்கிறார்கள். அது கால் இல்லைங்க, ஆண்குறி. அதுவும் ஒன்றல்ல, ரெண்டு.

ஆண் பாம்பு, பல்லி, ஓணான், உடும்பு எல்லாவற்றுக்கும் இப்படித்தான். ஹெமிபீனிஸ் என்று பெயர். சாதாரண நேரத்தில் வெளியே தெரியாமல், கழற்றிய காலுறை மாதிரி உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திரும்பி வாலின் அடிப்பகுதிக்குள் கிடக்கும், அதனால்தான் பல இனங்களில் ஆணுக்கு வால் தொடங்கும் இடம் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. இணையும்போது தசையும் ரத்தமும் நிணநீரும் சேர்ந்து அதை வெளியே பிதுக்கும், வேலை முடிந்ததும் ஒரு தசை உள்ளே இழுத்துக்கொள்ளும். ரெண்டு இருந்தாலும் ஒரு தடவைக்கு ஒன்றுதான், பெண் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தது. நடுவில் குழாய் கிடையாது, வெளிப்புறம் ஓடும் ஒரு பள்ளம் வழியாகத்தான் விந்து போகிறது. சிறுநீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முள், மடிப்பு, கிளை என்று இனத்துக்கு இனம் வடிவம் மாறுவதால், வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி இருக்கும் இனங்களைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் இதையும் பார்க்கிறார்கள். ஆமைக்கும் முதலைக்கும் ஒன்றே ஒன்றுதான்.

ஆணுடையதை இவ்வளவு நுணுக்கமாகப் படம் வரைந்து வைத்தவர்கள், பெண் பாம்புக்கும் ரெட்டைக் கிளிட்டோரிஸ் (பெண்குறியின் உணர்ச்சி உறுப்பு) இருப்பதைச் சரியாக விவரித்தது 2022இல்தான். என்னத்தைச் சொல்ல!