பதிமூணு கண் பாலத்தில் ஒரு கண் குறைந்த கதை

போன மே மாத லீவில் குடும்பத்தோடு கொல்லம் போனோம். கொல்லம் ஒரு சாக்குதான். செங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன், கேரளப் பக்கம் கழுதுருட்டியில் பதிமூணு வளைவோடு நிற்கிற பதிமூணு கண் பாலத்தின் மேல் பிள்ளைகளை ரயிலில் கூட்டிப்போனதில்லை என்று யாரிடமாவது சொல்ல முடியுமா? அதற்காகத்தான் கிளம்பினோம்.

பகவதிபுரம் தாண்டி மலைக்குள் நுழைந்ததும் வண்டியே இருட்டானது. குகையில் நுழையும்போது சுள்ளென்று வெயில், அந்தப் பக்கம் ஆரியங்காவில் தூறல். சின்னவள் கை தட்டினாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பாலம் வருகிற நேரம் பார்த்து என் மனைவி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். பெரியவன் மட்டும் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு, "பாலம் எங்கப்பா?" என்றான்.

"இதாம்ல. நாம மேல நிக்கோம்."

"தெரியலியே?"

எனக்கும் தெரியவில்லை. பாலத்தின் மேல் போகிறவனுக்குப் பாலம் தெரியாது என்பது நாற்பத்து மூன்று வயதில் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கீழே ரோட்டில் பஸ்ஸில் போனவர்கள் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். அவர்களுக்குப் பாலமும் தெரிந்திருக்கும், அதன் மேல் புளியோதரை தின்கிற ஒரு குடும்பமும் தெரிந்திருக்கும்.

திரும்பும்போது பிடிவாதமாகப் பஸ்ஸில் வந்தோம். ஆளுக்கொரு ஜன்னலில் உட்கார்ந்து கண்களை எண்ணினோம். சின்னவளுக்குப் பதினொன்று வந்தது, பெரியவனுக்குப் பதினாலு. என் கணக்கில் சரியாகப் பதிமூன்று. நான் எண்ணவே இல்லை, பெயரை வைத்துச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தும் பெரியவனின் முகம் தொங்கியே இருந்தது. "விடுல, நம்ம வீட்டுலயே கட்டுவோம்" என்று ஒரு வார்த்தை விட்டேன். அந்த வார்த்தைக்கு இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

துபாயில் இருக்கும் என் சித்தப்பா மகன் எப்போதோ கொண்டுவந்த பொம்மை ரயில் செட் ஒன்று பரணில் கிடந்தது. ஹெச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை உள்ள ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரை அப்படியே கட்டினால் தண்டவாளம் அரை கிலோமீட்டரைத் தாண்டி ஓடும். தெருவில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆறடிக்கு நாலடி பிளைவுட் ஒன்று வாங்கி, மாடி அறைக் கட்டிலின் மேல் போட்டோம். கட்டிலில் படுத்திருந்த நான் அன்றிலிருந்து தரைக்கு வந்தேன்.

முதல் சிக்கல் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவளுக்கு எட்டு வயது. 1904-ல் போட்ட அந்த மீட்டர் கேஜ் பாதையில் கரி எஞ்சின் வண்டியில் போய்வந்தவள். தண்டவாளத்தைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது பழைய பாதையா, புதுசால?"

பழைய பாதையை 2010-ல் மூடினார்கள், 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். கேள்வி நியாயமானது. பதில்தான் இல்லை. பொம்மைத் தண்டவாளத்தின் அகலம் பதினாறரை மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 1435 வருகிறது, அது வெளிநாட்டுக் கணக்கு. மீட்டர் கேஜ் என்றால் 1000 வேண்டும், நம் பிராட் கேஜ் என்றால் 1676 வேண்டும். அதுவும் இல்லை, இதுவும் இல்லை, நடுவில் நிற்கிறது என்று விளக்கினேன்.

"அப்போ நம்ம ஊரு மாதிரித்தான்" என்று அம்மா ஒப்புக்கொண்டாள்.

அடுத்தது மலை. மாவுக்கஞ்சி காய்ச்சி, பழைய பேப்பரைக் கிழித்து ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையை இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் எழுப்பினோம். காய்ந்த டீத்தூள் மண்ணானது, பச்சைச் சாயத்தில் முக்கிய ஸ்பாஞ்சு காடானது. பார்க்க அவ்வளவு அழகு! மனைவிகூடப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிவந்து காட்டினாள். அப்புறம் ஜூன் வந்தது, சாரல் வந்தது. எங்கள் ஊரில் சாரல் விழுந்தால் துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாது. பேப்பர் மலை என்ன செய்யும்? ஊறி உப்பியது. குகை சுருங்கியது. உள்ளே போன எஞ்சின் வெளியே வரவில்லை, 'ஙீ...' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. தேங்காய் கீறும் கத்தியை வைத்து மலையைக் குடைந்து அதை மீட்டேன்.

அடுத்த வாரம் மலையில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. கரப்பான். ஆரியங்காவிலிருந்து தென்மலை வரை தின்று தீர்த்திருந்தது.

"கஞ்சியில மயில்துத்தம் போட்டியால?" என்றாள் அம்மா.

போடவில்லை. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் கலக்கும் நீல உப்பு அது.

"போஸ்டர் ஒட்டுதவனுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலியே."

மலையேற்றமும் தகராறுதான். பாலத்துக்காகத் தண்டவாளத்தை ஆறு சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும், அதற்குக் கிடைத்த தூரம் ஒன்றரை மீட்டர். நூற்றுக்கு நாலு ஏற்றம். இந்தப் பொம்மை வண்டிகள் நூற்றுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்றுதான் ஏறும். எங்கள் எஞ்சின் பாதியில் நின்று சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. "அப்பல்லாம் பின்னால இன்னொரு எஞ்சின் போட்டுத் தள்ளுவான்லா" என்று அம்மா ஞாபகப்படுத்தினாள். உண்மைதான், மலைப்பாதையில் வண்டிக்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று எஞ்சின் பூட்டித்தான் ஏற்றினார்கள். எங்களிடம் இருந்தது ஒரே எஞ்சின். ஆகவே சின்னவளின் ஆள்காட்டி விரல் பின் எஞ்சினாக நியமிக்கப்பட்டது. சம்பளம் ஒரு தடவைக்கு ஒரு கடலை மிட்டாய். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அவள் புகுந்துகொள்வாள், வண்டி வரும், விரல் வரும், வண்டி ஏறும்.

இனி பாலம். நிஜப் பாலம் ஏறக்குறைய நூறு மீட்டர் நீளம், 87-ஆல் வகுத்தால் ஒன்றே கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் பலகையில் வண்டி வளைந்து திரும்பவே இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை அடி போய்விடுகிறது. நேராக மிஞ்சுவது மூன்றடி. பரவாயில்லை, கண்ணுக்கு ஏழு சென்டிமீட்டர் என்று வைத்தால் பதிமூன்றும் அடங்கும். காபி டம்ளரைக் கவிழ்த்து வளைவு வரைந்தேன். தடித்த அட்டையில் பதிமூன்று தூண்களை வெட்டி, கருங்கல் மாதிரி கோடு போட்டு, சாம்பல் வண்ணம் அடித்து, வரிசையாக நட்டேன். இரண்டு ராத்திரி வேலை. பெருமையாக எல்லோரையும் கூப்பிட்டேன்.

பெரியவன் விரல் வைத்து எண்ணினான். திரும்பவும் எண்ணினான். "அப்பா, பன்னெண்டுதான் இருக்கு."

தூணை எண்ணினேன், பதிமூன்று. கண்ணை எண்ணினேன், பன்னிரண்டு. பதிமூன்று கண்ணுக்கு இரண்டு ஓரமும் சேர்த்துப் பதினாலு தாங்கல் வேண்டும் என்பது வேலி கட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். நான் படித்தது பி.எஸ்சி. கணக்கு. அதை என் மனைவி உரக்கச் சொல்லவில்லை, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

பாலத்தின் கோடியில் ஏழு சென்டிமீட்டர் வெறும் இடம் பல்லை இளித்தது. பசை கல்லாக இறுகியிருந்தது, பிரித்தால் மொத்தமும் போய்விடும். யோசித்துக்கொண்டு நிற்கையில் அம்மா ஒரு கை நிறையப் பச்சை ஸ்பாஞ்சை எடுத்து அந்த இடத்தில் அமுக்கினாள். "நிஜப் பாலத்தையும் மரம் மறைக்கத்தானே செய்யுது? பதிமூணாவது கண்ணு அதுக்குப் பின்னால இருக்குன்னு சொல்லு."

ஆடியில் புனலூரிலிருந்து அத்தானும் அக்காவும் குற்றாலத்தில் குளிக்க வந்தார்கள். சாரல் சமயத்தில் எங்களுக்கு இல்லாத சொந்தம் கிடையாது. மாடிக்கு வந்த அத்தான் அசந்துபோய் நின்றார். "மாப்ளே, கொள்ளாம்! அசல் கழுதுருட்டி!" பிறகு, நான் பயந்தபடியே, குனிந்து எண்ண ஆரம்பித்தார். தினமும் அந்த ரோட்டில் போகிறவர், ஏமாற்ற முடியாது.

"பத்து, பதினொண்ணு, பன்ரண்டு... மாப்ளே, ஒண்ணு எங்கே?"

"மரத்துக்குப் பின்னால, அத்தான்."

அவர் தலையைச் சாய்த்து மரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் போய்ச் சுவரோரமாகவும் பார்த்தார். அங்கே, கடலை மிட்டாயோடு, சின்னவளின் விரல்தான் இருந்தது.

"தெரியலியே?"

பெரியவன் ரயிலை ஓட்டிக்கொண்டே சொன்னான்: "மேல ஏறிப் பாத்தாலும் தெரியாது மாமா. நாங்க பாத்துட்டோம்."