அந்த "அவசரமில்லை"க்கு என்ன அர்த்தம்?

அப்பாவுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு மேல்வயிற்றில் வலது பக்கம் பிடித்துக்கொண்டது. முதுகு வரைக்கும் இழுக்கிறது என்றார். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை, கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். பக்கத்தில் இருப்பது அரசு ஆஸ்பத்திரிதான், அங்கே கூட்டிக்கொண்டு ஓடினோம். அவசரப் பிரிவில் ஒரு ஊசி போட்டார்கள், முக்கால் மணி நேரத்தில் வலி இறங்கியது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரும் முன்பணம் கேட்கவில்லை, காப்பீட்டு அட்டை கேட்கவில்லை. வலியோடு வந்த ஆளைப் பார்த்தார்கள், வலியை நிறுத்தினார்கள். காலையில் ஓபியில் வந்து காட்டுங்கள் என்றார்கள்.

ஓபியில்தான் ஆரம்பித்தது. சீட்டுக்கு ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை, ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்க இன்னொரு வரிசை, அதை எடுத்துக்கொண்டு சர்ஜன் அறை வாசலில் நான்காவது வரிசை. எந்த வரிசை எதற்கு என்று எழுதி வைத்த பலகை ஒன்றுகூடக் கிடையாது, முன்னால் நிற்பவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவரும் தனக்கு முன்னால் நின்றவரைக் கேட்டவர்தான். ஒருவழியாக உள்ளே போனோம்.

"பித்தப்பையில் கல் இருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். அவசரமில்லை. வெளியே பேர் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

அவ்வளவுதான். ஒன்றரை நிமிடம் இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஃபைல் மேஜைக்கு வந்துவிட்டது. வெளியே ஒரு பெரிய நோட்டில் பெயர் எழுதிய அம்மா, "நாலு மாசம் ஆகும் சார், நடுவுல வந்து விசாரிச்சுக்கோங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வார்த்தை மண்டையைக் குடைய ஆரம்பித்தது. அவசரமில்லை. அப்பாவின் பித்தப்பையைப் பார்த்து அவசரமில்லை என்றாரா, இல்லை, ஆபரேஷன் தியேட்டரில் இடமில்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னாரா? இரண்டுக்கும் வார்த்தை ஒன்றுதான். வித்தியாசம் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

சரி, நாலு மாதம் யார் பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பது என்று அடுத்த வாரமே ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். உள்ளபடி சொல்கிறேன், அங்கே போய் உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இருபது நிமிடத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டோம். அவர் கால் மணி நேரம் பேசினார், ஒரு தாளில் கல்லீரல், பித்தப்பை, அதிலிருந்து இறங்கும் குழாய், கணையம் எல்லாம் படம் போட்டுக் காட்டினார், கல் நழுவி அந்தக் குழாயை அடைத்தால் என்ன ஆகும் என்று அம்பு போட்டு விளக்கினார். ஒரு வாரமாக யாராவது இதைச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தோம். அந்தத் தாளை அப்பா மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு டாக்டர் சொன்னார், "இதை எல்லாம் இழுத்தடிக்கக் கூடாது. நாளைக்கே அட்மிட் பண்ணிடுங்க."

ஏற்கெனவே எடுத்த ஸ்கேன் செல்லாதாம், இங்கே மறுபடி எடுக்க வேண்டுமாம். கூடவே எம்ஆர் ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ, ஒரு நீளப் பட்டியல் ரத்தப் பரிசோதனை. அப்புறம் இன்னொரு அறை, அங்கே டை கட்டிய ஒரு தம்பி. அவர் கேட்ட முதல் கேள்வி, "காப்பீடு இருக்கா சார், எவ்வளவுக்கு?" வலி எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, அது அவர் வேலையும் இல்லை. மூன்று விதமான அறைக்கு மூன்று விதமான மதிப்பீட்டுத் தாள் கொடுத்தார். உற்றுப் பார்த்தால், அறை பெரிதாக ஆக வாடகை மட்டும் கூடவில்லை, சர்ஜன் கட்டணமும் கூடுகிறது. அதே வயிறு, அதே கத்தி, அதே டாக்டர். ஏன் சார் என்று கேட்டதற்கு, "எல்லா இடத்திலும் அப்படித்தான் சார்" என்றார் தம்பி. அநேகமாக அது உண்மையாகவே இருக்கும், அதுதான் இன்னும் எரிச்சல். கடைசி வரியில் சின்ன எழுத்தில் "உண்மைச் செலவு மாறலாம்" என்று இருந்தது.

இப்போது சொல்லுங்கள், அந்த "நாளைக்கே"வை எப்படி எடுத்துக்கொள்வது? கல்லைப் பார்த்துச் சொன்னாரா, காலியாக இருக்கும் கட்டிலைப் பார்த்துச் சொன்னாரா?

அரசில் "வேண்டாம்" என்றால் சந்தேகம், தனியாரில் "வேண்டும்" என்றால் சந்தேகம். எனக்கு இரண்டு பக்கமும் பிரச்சினை இதுதான். ஒரு பக்கம் வரிசை, இன்னொரு பக்கம் பில், அதெல்லாம் உண்டு, எல்லாரும் புலம்புகிறார்கள், நானும் புலம்புவேன். ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது வரிசையோ பில்லோ இல்லை. ஒரு டாக்டர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாமல் போனதுதான்.

இது புதுப் புலம்பலும் இல்லை. கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், பிற்பாடு நோபல் வாங்கியவர், 1963லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மருத்துவத்தில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது, அதனால் இது மற்றச் சந்தைகள் மாதிரி நடக்காது என்பது அவர் வாதத்தில் முக்கியமான ஒன்று. செருப்பு வாங்கினால் கடிக்கிறதா என்று போட்டுப் பார்க்கலாம். பித்தப்பையை எடுத்தபின் அது தேவைதானா என்று எதை வைத்துப் பார்ப்பது?

"மக்கள் கைக்காசு கொடுத்தால் யோசித்துச் செலவு செய்வார்கள், தேவையில்லாததைத் தவிர்த்துவிடுவார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1970களில் தொடங்கி 1982 வரை, சில குடும்பங்களுக்கு முழுக்க இலவசமாகவும் சிலருக்குப் பங்குப் பணம் கட்டும்படியும் காப்பீடு கொடுத்துப் பார்த்தது. பணம் கட்டியவர்கள் ஆஸ்பத்திரிக்குக் குறைவாகப் போனார்கள், அது நிஜம். ஆனால் தேவையில்லாத சிகிச்சையைக் குறைத்த அளவுக்குத் தேவையான சிகிச்சையையும் குறைத்துக்கொண்டார்கள். எது எது என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எனக்கும்தான் தெரியவில்லை.

தனியாரின் "வேண்டும்" மேல் வரும் சந்தேகம் வெறும் கற்பனை இல்லை என்பதற்கு சிசேரியனைப் பார்த்தால் போதும். லான்செட் என்ற மருத்துவ இதழில் 2018இல் பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள், அரசு மருத்துவமனையைவிடத் தனியாரில் சிசேரியன் 1.6 மடங்கு அதிகம். பிரேசிலில் தனியார் மருத்துவமனைகளில் 100 பிரசவத்தில் 80க்கு மேல் கத்தி வைத்துத்தான். கர்ப்பப்பைக்குத் தான் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்று தெரியுமா என்ன?

அதே சமயம் அரசின் "அவசரமில்லை"யும் சும்மா வருவதில்லை. எல்லாருக்கும் இலவசம் என்றால் ஏதோ ஒன்று கூட்டத்தை மட்டுப்படுத்தியாக வேண்டும், விலை இல்லாத இடத்தில் அந்த வேலையை வரிசை செய்கிறது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது, எல்லாருக்கும் இலவசம் என்று அதைத் தொடங்கிவைத்த சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன். மூன்றே வருடத்தில் பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் வைக்க அரசு முடிவு செய்ய, 1951இல் அந்த மனிதர் பதவியை விட்டே விலகினார். இன்று அங்கே இங்கிலாந்தில் இந்த மாதிரி ஆபரேஷன்களுக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது, 92 சதவீதம் பேருக்காவது. 2016க்குப் பிறகு அந்த இலக்கை எட்டவே இல்லை. 2023 செப்டம்பரில் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. இதைப் படித்ததும் எனக்கு ஒரு கெட்ட நிம்மதி. அப்பாவின் நாலு மாதமும் அவர்களுடைய 18 வாரமும் கிட்டத்தட்ட ஒன்றுதானே.

ஆனால் ஒரு வித்தியாசம். 18 வாரம் என்று எழுதி வைத்தால் 19ஆவது வாரம் போய்க் கேட்கலாம். "நடுவுல வந்து விசாரிச்சுக்கோங்க" என்பதை வைத்து யாரிடம் போய் என்ன கேட்பது?

டாக்டர்களைத் திட்டுவது சுலபம், நானும் அந்த வாரம் முழுக்கத் திட்டினேன். ஆனால் காலையில் அரசில் பார்க்கும் அதே டாக்டர் சாயங்காலம் தனியாரில் பார்க்கும் வழக்கம் எத்தனையோ நாடுகளில் இருக்கிறது. அதே படிப்பு, அதே கை. காலையில் ஒன்றரை நிமிடம் பேசியவர் சாயங்காலம் படம் போட்டுக் காட்டுகிறார் என்றால் நடுவில் மாறியது நாற்காலிதான். நாம் முதலில் போய்ப் பார்க்கும் பொது மருத்துவர் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார் என்று 67 நாடுகளின் கணக்கை ஒன்று சேர்த்து 2017இல் வெளியிட்டார்கள். சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. 48 விநாடியில் எந்த மகானாக இருந்தாலும் "அவசரமில்லை"க்கு விளக்கம் சொல்ல முடியாது.

எங்களுக்கு அந்த விளக்கம் கடைசியில் யாரிடமிருந்து கிடைத்தது தெரியுமா? அரசு ஆஸ்பத்திரியில் அந்தப் பெரிய நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சீனியர் நர்ஸ். நான் தேதி விசாரிக்கப் போனபோது தனியாரில் சொன்னதைக் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டே சொன்னார்:

"வலி வராத கல்லுன்னா சும்மா விட்டுடுவாங்க. உங்க அப்பாவுக்கு வந்துடுச்சு, திரும்ப வரலாம், அதான் எடுக்கச் சொல்றாங்க. அதுக்காக நாளைக்கே எடுக்கணும்னு இல்லை. ஆனா காய்ச்சல் வந்தா, கண்ணு மஞ்சளானா, வலி விடாம நாலஞ்சு மணி நேரம் நின்னா, இந்த நோட்டை எல்லாம் பார்க்காதீங்க, நேரா அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் கொழுப்பைக் குறைக்கச் சொல்லுங்க."

அரை நிமிடம் ஆகியிருக்காது. அவர் சொன்ன அந்த மூன்றையும் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டினேன். அன்றைக்குத்தான் அப்பா நிம்மதியாகத் தூங்கினார். சர்ஜன் சொன்ன "அவசரமில்லை" சரிதான், தனியார் டாக்டர் காட்டிய அடைப்பும் பொய்யில்லை. ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கிறார்கள், அவரவருக்குத் தோதான பாதி.

அதோடு எல்லாம் சுபம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆபரேஷன் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. இரண்டாவது முறை, முதல் நாள் ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், பச்சை அங்கி போட்டு, கையில் ஊசிக்குழாய் ஏற்றி, மதியம் ஒன்றரை மணி வரை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, விபத்துக் கேஸ் ஒன்று வந்துவிட்டது, இன்று இல்லை என்று அனுப்பினார்கள். விபத்தில் அடிபட்டவர் முந்த வேண்டும்தான், அதில் சண்டை போட ஒன்றுமில்லை. காலை எட்டு மணிக்கே உள்ளே போன கேஸ் அது என்று அட்டெண்டர் சொன்னதுதான் தாங்கவில்லை. எட்டு மணிக்கே சொல்லியிருந்தால் எழுபது வயது மனிதர் ஒரு வாய் தண்ணீராவது குடித்திருப்பார். சொல்வதற்கு என்ன செலவு?

ஐந்தாவது மாதம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சின்னச் சின்னத் துளை போட்டு எடுத்தார்கள், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். எடுத்த கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மிளகு அளவில் ஏழு. பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் அப்பா அதைக் குலுக்கிக் காட்டுகிறார், கூடவே தனியார் டாக்டர் வரைந்த படத்தையும் பிரித்து, அம்புக்குறி மேல் விரல் வைத்து விளக்குகிறார்.

இந்த ஐந்து மாதத்தில் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன்கூட வந்ததில்லை, தேதி தள்ளிப்போனதுகூட நேரில் போய்த்தான் தெரிந்தது. தனியாரிலிருந்து மாதம் இரண்டு முறை தவறாமல் வந்தது, "சார், அப்பாவோட ஆபரேஷன் எப்போ வச்சுக்கலாம்?" போன வாரமும் வந்தது. இந்த முறை அப்பாவே எடுத்தார். கல்லை எடுத்தாயிற்று அம்மா என்றார் சந்தோஷமாக. அந்தப் பெண் ஒரு நொடி கூடத் தயங்கவில்லை, மூத்த குடிமக்களுக்கு முழு உடல் பரிசோதனைத் திட்டம் ஒன்று சலுகையில் இருக்கிறது சார் என்று ஆரம்பித்தது. வேண்டாம் என்று வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும்மா?" என்று கேட்டார்.

"காத்திருக்கவே வேண்டாம் சார்."

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.