அம்மா கேட்ட நாலு டிக் கேள்வி

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் நாலறை வீட்டு ஏர்கான் சென்ற ஆண்டு கம்ப்ரஸரோடு நின்றுபோனது. 2012இல் வாங்கியது. பழுதுபார்க்க ஆகும் செலவுக்குப் புதிதாகவே வாங்கிவிடலாம் என்றார் பார்க்க வந்தவர். இங்கே ஏர்கானின் ஒட்டுச்சீட்டில் மின்சாரச் சிக்கனத்தை டிக் குறிகளால் காட்டுவார்கள். டிக் கூடினால் சிக்கனம் கூடும். சரி, ஐந்து டிக் உள்ளதாகப் பார்ப்போம் என்று நான் சொன்னதும் அம்மா கேட்டார்: "பழசும் நாலு டிக்குதானேப்பா? ஒரு டிக் கூடுறதுக்கா இவ்வளவு காசு?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு உட்கார்ந்து தேடிய பிறகுதான் புரிந்தது. நாங்கள் வாங்கிய காலத்தில் நாலு டிக்தான் உச்சம். 2014இல் தேசியச் சுற்றுப்புற வாரியம் ஒட்டுச்சீட்டை மாற்றி ஐந்து டிக் கொண்டுவந்தது. அத்தோடு அளவுகோலும் மாறிவிட்டது. பழைய நாலையும் இன்றைய நாலையும் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ஏர்கான் வைத்திருக்கும் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிக்குக்குப் பின்னால் இருக்கும் எண்ணின் பெயர் சி.ஓ.பி. எத்தனை யூனிட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றுகிறது, அதற்கு எத்தனை யூனிட் மின்சாரம் வாங்குகிறது, இந்த இரண்டின் விகிதம் அது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஐந்து யூனிட் வெப்பம் என்றதும் முதலில் நான் நம்பவில்லை. ஏர்கான் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே இறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லையே. குளிர் நாடுகளில் இதே இயந்திரத்தைத் திருப்பி ஓட்டி, வெளியிலிருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் இறைக்கிறார்கள். அதைத்தான் ஹீட் பம்ப் என்கிறார்கள்.

அம்மாவுக்காக ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஓர் அறையிலிருந்து 2.5 கிலோவாட் வெப்பத்தை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சி.ஓ.பி. 3 என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 6.7 யூனிட். 5 என்றால் 4 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு வைத்தால் ஓர் இரவுக்கு 80 காசு வித்தியாசம், மாதத்துக்கு 24 வெள்ளி. அறை குளிர்ந்த பிறகு இயந்திரம் இவ்வளவு வேகமாக ஓடாது, அதனால் உண்மையில் வித்தியாசம் குறையும். ஆனாலும் அம்மா தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏர்கான் இரவின் பெரும்பகுதி மெதுவாகத்தான் ஓடுகிறது. அதனால் முழு வேகத்தில் அளந்த சி.ஓ.பி.க்கு 40 விழுக்காடும் பாதி வேகத்தில் அளந்ததற்கு 60 விழுக்காடும் கொடுத்து மதிப்பிடுகிறார்கள். இது எனக்கு நியாயமாகவே பட்டது.

இந்த நேரத்தில் மதுரையிலிருந்து சித்தப்பா அழைத்தார். "எங்க வீட்டு ஏசி அஞ்சு ஸ்டாருடா, அதே மாடல் அங்க கிடைக்குதா பாரு" என்றார். அந்த ஸ்டார் வேறு கணக்கு. இந்தியாவில் 24 முதல் 43 டிகிரி வரையிலான வெளி வெப்பத்தையும் ஆண்டுக்கு 1,600 மணி நேர ஓட்டத்தையும் வைத்து மதிப்பிடுகிறார்கள். மதுரை வெயிலுக்கு அது சரி. இங்கே 43 டிகிரி எங்கே வருகிறது? அமெரிக்க இணையதளங்களில் வரும் இ.இ.ஆர். இன்னொரு குழப்பம். அதுவும் இதே விகிதம்தான், ஆனால் வெப்பத்தைப் பிடியூ என்ற வேறு அலகில் அளக்கிறார்கள். அதை 3.41ஆல் வகுத்தால்தான் சி.ஓ.பி. கிடைக்கும். 12 என்று பெரிதாகத் தெரிவது உண்மையில் 3.5தான்.

என்னை நிஜமாகவே வருத்தியது கடை அனுபவம். அறைக்குள் மாட்டும் உள்பெட்டிகள் இரண்டு 9,000 பிடியூ, ஒன்று 12,000 பிடியூ, வெளியே ஒரே கம்ப்ரஸர், அதாவது சிஸ்டம் 3 கேட்டோம். விலைச்சீட்டில் ஐந்து டிக் என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வாரியத்தின் பதிவுப் பட்டியலில் மாடல் எண்களைப் போட்டுத் தேடினால், அந்த வெளிப்பெட்டிக்கு ஐந்து டிக் இருந்தது வேறு உள்பெட்டிகளோடு. நாங்கள் கேட்ட சேர்க்கைக்கு நான்குதான். சிஸ்டம் ஏர்கானில் டிக் தனிப்பெட்டிக்குக் கிடையாது, சேர்க்கைக்குத்தான். விற்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். ஆனால் பணம் கட்டுவது நாங்கள். வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) குடும்பங்களுக்கு 2024இல் 300 வெள்ளி, 2025இல் மேலும் 100 வெள்ளி என்று சிக்கனமான பொருள் வாங்க அரசு தந்த பருவநிலைப் பற்றுச்சீட்டும், ஏர்கான் என்றால் ஐந்து டிக் உள்ளதற்குத்தான் செல்லும். முன்பணம் கட்டியிருந்தால் அதுவும் கைநழுவியிருக்கும்.

மறுநாள் கடைக்குப் போய்ப் பட்டியலைக் கைப்பேசியில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார்கள். அப்புறம் உள்பெட்டிகளை மாற்றிப் புதிய விலைச்சீட்டு தந்தார்கள். உள்பெட்டி மூன்று, வெளிப்பெட்டி ஒன்று, நான்கின் மாடல் எண்களையும் அதில் எழுதச் சொன்னேன்.

பொருத்த வந்த நாளில் அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கும் முன் அம்மா என்னைக் கூப்பிட்டார். கையில் அந்த விலைச்சீட்டு. "நீ நம்பரைப் படி, நான் பார்த்துக்கிட்டே வர்றேன்" என்றார். நான்கும் ஒத்துப்போன பிறகுதான் பெட்டியைப் பிரிக்க விட்டார்.