திரைக்கதை படித்தவர் இயக்கத் தேர்வுக்குப் போகும்போது

"திரைக்கதைப் பிரிவில் சேர்ந்தால் பிறகு படம் இயக்க முடியுமா, அக்கா?" எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு முடித்த தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். முடியும். கோலாலம்பூரில் தமிழ்ப் படம் எடுக்க நினைப்பவருக்கு அதுவே சரியான வாசல் என்றும் சொல்வேன். ஒருவர் எழுத, இன்னொருவர் இயக்க, இருவருக்கும் தனித்தனிச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு நம் படங்களில் பணம் புழங்குவதில்லை. எழுதுகிறவர் தலையிலேயே இயக்கமும் வந்து விழும். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வான 'ஜகாட்' தமிழ்ப் படத்தை எழுதியவரும் இயக்கியவரும் சஞ்சய் குமார் பெருமாள் என்ற ஒரே ஆள்தான்.

ஆனால் எழுத்துத் தாளில் முதல் வரிசையில் நின்றவர்கள் இயக்கத் தாளில் திணறுவதை நிறையப் பார்த்துவிட்டேன். கேமரா தெரியாததால் அவர்கள் திணறுவதில்லை. கேமராவுக்கு ஓர் ஆள் இருப்பார். தாங்கள் எழுதிய வசனத்தை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை, அதுதான் சிக்கல்.

முதலில் சேர்க்கை. கோலாலம்பூரில் ஜாலான் துன் இஸ்மாயிலில் உள்ள அஸ்வாரா கலைக் கழகத்தில் திரைப்படத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை வழியாகப் போகலாம். தனியார் கல்லூரிகளும் உண்டு. கட்டணத்தைப் பார்த்துவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு முடிவெடுங்கள். அரசுக் கல்விக்கூடங்களில் நேர்முகத் தேர்வு மலாயில்தான் நடக்கும். நம் பிள்ளைகள் சென்னைப் படங்களை வரிசையாக ஒப்பிப்பார்கள். மலாய்த் திரையின் பெரிய நடிகரும் இயக்குநருமான பி. ராம்லீயைப் பற்றிக் கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். ராம்லீ 1929-இல் பினாங்கில் பிறந்தவர். 1955-இல் 'பெனாரிக் பெச்சா' படத்தின் மூலம் இயக்குநரானார். அவர் முதன்முதலில் நாயகனாக நடித்த 'பக்தி' 1950-இல் வந்தது. அதை இயக்கிய எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். அன்றைய சிங்கப்பூர் ஸ்டூடியோக்களில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். இது நம் வீட்டுக் கதையும்கூட. இதைத் தெரியாமல் தேர்வு அறைக்குள் போகாதீர்கள். செத்தாப்பாக்கில் ராம்லீ வாழ்ந்த வீடு இப்போது நினைவகமாக இருக்கிறது, ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

கையில் கொண்டுபோகும் எழுத்து ஐந்து பக்கம் இருந்தால் போதும். நூறு பக்கக் காவியத்தை யாரும் புரட்டப் போவதில்லை.

உள்ளே சேர்ந்த பிறகு திரைக்கதை வகுப்பு உங்களுக்கு எளிதாகத்தான் இருக்கும். காட்சித் தலைப்பில் உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்று எழுத வேண்டும். ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடப் படம். இவை ஒரு வாரத்தில் பழகிவிடும். யாரும் பெரிதாகச் சொல்லித்தராத ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். தயாரிப்புப் பிரிவினர் உங்கள் பக்கத்தை எட்டாகப் பிரித்து அளப்பார்கள். இந்தக் காட்சி பக்கத்தில் எட்டில் மூன்று, அந்தக் காட்சி ஒன்றே கால் என்று கணக்குப் போட்டுத்தான் ஒரு நாளில் எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவு செய்வார்கள். நீங்கள் அழகாக எழுதிய "சந்தையில் கலவரம் வெடிக்கிறது" என்ற ஒற்றை வரி, அளவில் எட்டில் ஒன்றுதான். எடுக்கப்போனால் மூன்று நாளை விழுங்கும். எழுதும்போதே இந்தக் கணக்கு மனத்தில் ஓடத் தொடங்கிவிட்டால் நீங்கள் பாதி இயக்குநர்.

இனி இயக்கத் தாள். இறுதியாண்டுக் குறும்படத்துக்கு நான் எழுதிய ஒரு காட்சி இது. செந்தூல் அடுக்குமாடி வீடு. இரவுக் காவல் வேலை முடித்து அப்பா காலையில் திரும்புகிறார். தொழிற்சாலை வேலையை இழந்த மகன், அதைச் சொல்லத் தைரியமில்லாமல் அறைக்குள் இருக்கிறான். என் முதல் வடிவத்தில் அப்பாவும் மகனும் ஒன்றரைப் பக்கம் பேசிக்கொண்டார்கள். நல்ல வசனம்தான், வகுப்பில் கைத்தட்டல்கூடக் கிடைத்தது. படமாக்கிய வடிவத்தில் அப்பா கதவைத் திறக்கிறார், தன் சப்பாத்தைக் கழற்றி அடுக்கில் வைக்கக் குனிகிறார். மகனின் வேலைச் சப்பாத்து அங்கேயே இருக்கிறது. அந்நேரத்துக்கு அது வீட்டில் இருக்கக் கூடாது. அப்பா தன் சப்பாத்தை அதன் பக்கத்தில் வைக்காமல் கீழ்த் தட்டில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் இரண்டு கோப்பையில் தேநீர் கலக்குகிறார். வசனம் கிடையாது.

கேமராவைப் பிடித்திருந்த மலாய் நண்பருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஒத்திகையைத் திரையில் பார்த்துவிட்டு, "மகனுக்கு வேலை போய்விட்டதா?" என்று மலாயில் கேட்டார். இதைவிட நல்ல தேர்வாளர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். கோலாலம்பூரில் தமிழ்க் குறும்படம் எடுத்தால் குழுவில் பாதிப் பேர் மலாய்க்காரர்களாகவும் சீனர்களாகவும் இருப்பார்கள். அதை இடைஞ்சலாகப் பார்க்கிற மாணவர்கள் உண்டு. நான் அதை வரம் என்பேன். மொழி புரியாத ஒருவருக்குக் காட்சி புரிகிறதா என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் பாருங்கள். புரியவில்லையென்றால் இன்னும் எழுத்தாளராகவே இருக்கிறீர்கள்.

தமிழில் எழுத்திலிருந்து இயக்கத்துக்குப் போனவர்களில் இருவரையாவது உட்கார்ந்து படியுங்கள். படங்களைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், காட்சி காட்சியாகக் குறிப்பெடுங்கள். ஸ்ரீதர் 1950-களில் வசனகர்த்தாவாகப் பெயர் வாங்கி, 1959-இல் 'கல்யாண பரிசு' மூலம் இயக்குநரானவர். மூன்று ஆண்டு கழித்து 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தை ஏறக்குறைய முழுக்க ஒரே மருத்துவமனை அரங்குக்குள் எடுத்தார். ஒளிப்பதிவு வின்சென்ட். ஒரே இடம், சில பாத்திரங்கள், கேமராவை எங்கே வைப்பது என்ற ஒரே கேள்வி. மாணவர் கையில் இருக்கும் பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடப்புத்தகம் இல்லை. அடுத்தவர் மகேந்திரன். 1974-இல் 'தங்கப்பதக்கம்' அவர் எழுத்தில் வந்தது. சிவாஜி வசனத்தை முழங்கிய படம். நான்கு ஆண்டு கழித்து அவரே இயக்கிய 'முள்ளும் மலரும்' படத்தில் மனிதர்கள் எவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. இரண்டையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் பார்த்தால், ஓர் எழுத்தாளர் எதையெல்லாம் தூக்கிப் போட்டார் என்பது பளிச்சென்று தெரியும்.

நடிகர்களிடம் பேசுவது தனிப் பாடம். இங்கே நமக்குக் கிடைப்பவர்கள் பெரும்பாலும் மேடையிலும் வானொலியிலும் பழகியவர்கள், நம்மைவிட மூத்தவர்கள். எழுதியவர் என்ற உரிமையில் "இந்த வரியை இப்படிச் சொல்லுங்கள்" என்று சொல்லிக்காட்டாதீர்கள். அவர் உங்கள் குரலைத்தான் திருப்பித் தருவார். "அண்ணே, நீங்கள் இப்போது அவனைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள்" என்று என்ன செய்கிறார் என்பதை மட்டும் சொன்னால், எப்படிச் செய்வது என்பதை அவரே கண்டுபிடிப்பார்.

ஒலியை மறந்துவிடாதீர்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் எடுத்தால் ரயில் சத்தம், பள்ளிவாசல் அருகே தொழுகை அழைப்பு, பிற்பகலில் இடியோடு மழை. தொழுகை நேரங்களைப் படப்பிடிப்பு அட்டவணையிலேயே எழுதிவைத்து அப்போது இடைவேளை விடுங்கள். குழுவில் தொழுகிறவர்களுக்கும் அது மரியாதை. பொது இடம் என்றால் கல்லூரிக் கடிதமும் மாநகர் மன்ற அனுமதியும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். எங்களுடன் படித்த ஒரு குழு கடிதம் வரத் தாமதமானதால் கொட்டும் மழையில் ஓரமாக நின்றது. அலுவலகங்கள் உங்கள் அட்டவணைப்படி இயங்குவதில்லை.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் கதையைக் கேட்பதில்லை, அது அவர்கள் கையில் அச்சாக இருக்கிறது. "இந்த இடத்தில் ஏன் கேமராவை அருகில் கொண்டுபோனீர்கள்? எதை வெட்டினீர்கள்? ஏன்?" என்றுதான் துளைப்பார்கள். ஆகவே வெட்டிய வசனங்களை அழித்துவிடாமல் பழைய வடிவங்களைத் தேதி போட்டு அடுக்கிவையுங்கள். என் ஒன்றரைப் பக்க வசனத்தையும் சப்பாத்துக் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, அதன்பின் கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

படிப்பு முடிந்ததும் யாரும் படம் கொடுக்கக் காத்திருக்கமாட்டார்கள். ஆர்.டி.எம்., ஆஸ்ட்ரோ தொலைக்காட்சிகளின் தமிழ் நாடகங்களுக்கு எழுதுவதும் உதவி இயக்குநராக நிற்பதும்தான் பெரும்பாலோர் போகும் வழி. இரண்டையும் செய்யுங்கள். எழுதிக்கொண்டே மட்டும் இருந்தால் தளம் அந்நியமாகிவிடும். சொந்தமாகத் தயாரிக்கும் காலம் வரும்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான பினாஸின் உரிமம் வேண்டும். அந்த அமைப்பு 1981 முதல் இயங்குகிறது. உலு கிளாங்கில் ராம்லீ கடைசிக் காலத்தில் பணிபுரிந்த மெர்டேக்கா ஸ்டூடியோ வளாகத்தில்தான் இருக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கதையைக் கேட்டுவிட்டு "அப்புறம் கூப்பிடுகிறோம்" என்பவர்கள் இந்த ஊரிலும் உண்டு. யாரிடமும் முழுத் திரைக்கதையைக் கொடுக்கும் முன், மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் பதிப்புரிமையை நீங்களாகவே அறிவித்துப் பதிந்துவிடுங்கள். 2012 முதல் அந்த வசதி இருக்கிறது. சத்தியப் பிரமாணப் பத்திரம் ஒன்று தேவைப்படும், கட்டணம் உண்டு, அதைச் செலவாக நினைக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் 'எழுத்து' என்ற இடத்தில் உங்கள் பெயர் எப்படி வரும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இயக்கம் உங்களுக்கே என்று வாயால் சொல்லியிருந்தால், அந்த வரியும் தாளில் இருக்க வேண்டும்.